மண்ணூர்ப் பக்கம் பெய்யும் மழை

சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர், மண்ணூர், ஒரகடம் என்றதும் கார் கம்பெனிகளும் கன்டெய்னர் லாரிகளும்தான் இன்று நினைவுக்கு வரும். ஆனால் இது ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி.

இங்கே வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைக்க, நிலம் லேசாகச் சரியும் இடத்தில் குறுக்கே மண்கரை போட்டார்கள் நம் முன்னோர். கரையின் அடியில் மதகு. அதைத் திறந்தால் தண்ணீர் தானாகவே பள்ளத்து வயலுக்குப் பாயும். மோட்டார் வேண்டாம், புவியீர்ப்பு விசையே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது கலங்கல். ஏரி நிறைந்ததும் மிஞ்சும் நீர் வழியும் இடம் அது. பழைய கலங்கல்கள் பலவற்றின் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் நேரத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே களிமண்ணை அடைத்தால், இன்னும் கொஞ்சம் நீர் ஏரியில் தங்கும். வழிந்த நீரும் வீணாகாது, கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போய்விடும். எவ்வளவு நுட்பமான பொறியியல்!

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. துறைமுகம், விமான நிலையம், பெங்களூரு நெடுஞ்சாலை எல்லாம் பக்கத்தில், நிலமும் சமவெளி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது.

இப்போது ஒரு கணக்கு. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஹெக்டேர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 லட்சம் லிட்டர்! வயலாக இருந்தால் ஒரு பகுதியை மண் குடிக்கும்; வரப்பும் கொஞ்சம் தேக்கும். தகரக் கூரையும் கான்கிரீட்டும் ஏறக்குறைய முழுவதையும் உடனே வெளியே தள்ளிவிடும். கால்வாய் தூர்ந்திருந்தால் அந்த நீர் சாலைக்கும் வீட்டுக்கும்தானே வரும்?

இந்த வட்டாரத்துப் பெரிய ஏரி செம்பரம்பாக்கம். 24 அடி ஆழம், 364.5 கோடி கன அடி கொள்ளளவு. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் இதுவும் ஒன்று. 2015 டிசம்பர் பெருமழையில் நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட வேண்டியிருந்தது, அந்த நீர் பாய்ந்த அடையாற்றங்கரை வெள்ளக்காடானது. வயல் குறைந்துவிட்டதே, இனி ஏரி எதற்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழிற்சாலை பெருகப் பெருக ஏரியின் தேவை கூடத்தான் செய்யும்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் மொட்டைமாடியின் நீள அகலத்தை அளந்து வையுங்கள். மழை பெய்ததும், அதன் மில்லிமீட்டர் அளவைக் கொண்டு எத்தனை லிட்டர் விழுந்தது, அது எந்த வழியாக எந்த ஏரிக்குப் போனது என்று கண்டுபிடித்து எங்களுக்கு எழுதுங்கள்.