மண்டை ஓட்டுக்கும் ஒரு முகம் உண்டு



பேப்பரில் 'அடையாளம் தெரியாத சடலம்' என்று நாலு வரிச் செய்தி அடிக்கடி வரும். படித்ததும் 'ஐயோ, யார் பெத்த பிள்ளையோ' என்று உச்சுக் கொட்டிவிட்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க ஓடிவிடுவோம். ஆனால், அந்த 'யார் பெத்த பிள்ளையோ' என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், 1989 டிசம்பரில், ஒரு வீட்டின் பின்புறம் பள்ளம் தோண்டிய தொழிலாளர்கள், சுருட்டிப் புதைத்திருந்த கார்ப்பெட் ஒன்றைக் கண்டார்கள். பிரித்தால், உள்ளே ஓர் எலும்புக்கூடு. சுமார் 15 வயதுப் பெண் என்பது தெரிந்தது. பேர், ஊர்? ஒன்றும் தெரியவில்லை.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படம் வரைபவராக இருந்த ரிச்சர்ட் நீவ் என்பவரிடம் அந்த மண்டை ஓடு போனது. மண்டை ஓட்டைப் போலவே பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அதில் பல இடங்களில் சின்னச் சின்னக் குச்சிகளைச் செருகுவார்கள். நெற்றியில் சதை மெலிசு, கன்னத்தில் தடிப்பு இல்லையா? எந்த இடத்தில் எவ்வளவு சதை என்பதற்கு அந்தக் குச்சிதான் அளவு. அதன்படி களிமண்ணால் தசைகளை ஒவ்வொன்றாக வைத்து, மேலே தோலைப் போர்த்தினால் ஒரு முகம் வந்துவிடும். காது, உதடு, தலைமுடி எல்லாம் ஓரளவு ஊகம்தான். அச்சு அசலாக இருக்காது. 'இவளை எங்கேயோ பார்த்திருக்கேனே' என்று யாருக்காவது தோன்றினால் போதும்.

அப்படித்தான் தோன்றியது! படம் டி.வி.யில் வந்ததும், அவளை முன்பு கவனித்துக்கொண்ட சமூகப் பணியாளர்கள் அடையாளம் சொன்னார்கள். 1981ல் குழந்தைகள் இல்லத்திலிருந்து காணாமல் போனவளாம். பிறகு பல் வரிசையையும், எலும்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைப் பெற்றோருடையதோடும் ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். கொலை வழக்கும் நடந்தது.

களிமண் மட்டும் எப்போதும் போதாது. 1987ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீயில் 31 பேர் இறந்தார்கள். அதில் ஒருவருக்கும் இப்படி முகம் செய்தும் பேர் கிடைக்கவில்லை. அவருக்கு வயது 72. தேடியதோ அதைவிட இளைய ஆளை. கடைசியில் 2004ல்தான் தெரிந்தது. முன்பு தலையில் ஆபரேஷன் செய்தபோது வைத்த ஒரு சின்ன உலோக கிளிப் அதற்கு உதவியது.

நம் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த பழங்கால மண்டை ஓடுகளுக்கும், 2025ல் கம்ப்யூட்டரில் முகம் கொடுத்து வெளியிட்டார்களே, அதுவும் இதே கலைதான்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். வேலைக்கென்று வெளியூர் போன கணவர் திரும்பவே இல்லை. பொட்டு வைப்பதா, வேண்டாமா என்று ஊரே ஆளுக்கொரு நியாயம் பேசியது. அவர் பேரில் இருந்த பணத்தை எடுக்கக்கூட வழி இல்லை. ஏழு வருஷம் தகவலே இல்லாவிட்டால்தான், இறந்ததாகக் கருதச் சட்டம் இடம் கொடுக்கிறது. "செத்துட்டாருன்னு தெரிஞ்சாக்கூட ஒரு தடவை அழுது முடிச்சிருப்பேன்மா" என்பார் அந்த அக்கா. பேர் தெரியாத ஒவ்வொரு உடலுக்கும், எங்கோ இப்படி ஒருத்தி காத்திருக்கலாம்.

அதனால் சகோதரிகளே, வீட்டில் எல்லோருடைய சமீபத்திய போட்டோவும், பல் தெரியச் சிரிக்கிற ஒரு போட்டோவும் இருக்கட்டும். பல், எலும்பு எக்ஸ்ரேக்களையும், ஆபரேஷன் சீட்டுகளையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். மச்சம், தழும்பு, எலும்பு முறிவைக் குறித்து வையுங்கள். யாராவது காணாமல் போனால் உடனே புகார் கொடுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

ஸ்டேஷனிலோ பேப்பரிலோ இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தெரிந்த முகமாக இருந்தால் 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஒதுங்காமல் போய்ச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.