பயணியின் பணம் எவர் கையில்?

பேண்தகு சுற்றுலா என்ற தொடர் இன்று விமான நிறுவனங்களின் விளம்பரங்களிலும் விடுதிக் குளியலறைகளிலும் இடம்பெற்றுவிட்டது. ஒரே துவாயை இருநாள் பயன்படுத்துவதோடு அதன் பொருள் நிறைவடைந்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். சிசிலியின் தலைநகரான பலெர்மோ எழுப்பிய வினா வேறு. பயணி செலவிடும் பணம் இறுதியில் எவர் கையைச் சென்றடைகிறது என்பதே அது.

வணிகரிடம் மாஃபியா அறவிடும் கப்பத்தை இங்கு ‘பிட்சோ’ என்பர். கப்பம் எத்தகையது என்று ஈழத்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. உணவகமும் விடுதியும் கப்பம் செலுத்துமாயின், அங்கு உண்டு உறங்கும் பயணியும் தம்மை அறியாமலே அதில் பங்கு செலுத்துகிறார். 1991 ஜனவரியில் லிபெரோ கிராசி என்ற ஆடை உற்பத்தியாளர், தாம் கப்பம் கட்டப்போவதில்லை என நாளிதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். சக தொழிலதிபர்கள் அவருக்குத் துணைநிற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

2004 ஜூனில் ஒருநாட் காலை, நகரெங்கும் மரண அறிவித்தல் போன்ற சிறு ஒட்டிகள் காணப்பட்டன. கப்பம் கட்டும் மக்கள் மானமிழந்த மக்கள் என்பது அவற்றின் செய்தி. ஒட்டியவர்கள் சில இளைஞர்கள். ‘அடியோபிட்சோ’, அதாவது கப்பத்துக்கு விடைகொடுத்தல், என்ற இயக்கம் இவ்வாறு பிறந்தது. தனித்து மறுத்தமையாலேயே கிராசி வீழ்ந்தார் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆகவே கப்பம் மறுக்கும் கடைகளிலேயே பொருள் வாங்குவோம் என மக்களிடம் கையொப்பம் திரட்டினர். 2006இல் ஏறத்தாழ நூறு வணிகரின் பெயர்ப்பட்டியல் வெளியாயிற்று. ஒருவரை அச்சுறுத்துவது எளிது. ஊரறிய அணிதிரண்ட நூறுபேரை அச்சுறுத்துவது கடினம்.

இவ்வழியைச் சுற்றுலாவுக்கும் விரித்து, 2009இல் ‘அடியோபிட்சோ டிராவல்’ தொடங்கப்பட்டது. கப்பம் செலுத்தாத விடுதிகளில் தங்கவைத்து, அத்தகைய உணவகங்களில் உண்ணச்செய்து, நீதிபதி பல்கோனே 1992இல் குண்டுவெடிப்பில் மாண்ட கபாச்சி முதலிய இடங்களுக்கு அது பயணிகளை அழைத்துச்செல்கிறது. மாஃபியாவிடமிருந்து பறிமுதலான சொத்துக்களைச் சமூகப் பயனுக்கு வழங்க வகைசெய்யும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கூட்டுறவாளர் உழும் நிலங்களும் இன்று பயணிகள் காணும் இடங்களாகியுள்ளன. புதுமை என்றால் கணினியும் கைத்தொலைபேசியும் மட்டுமே எனக் கருதுவோர் இதனைக் கவனிக்கவேண்டும். இங்கு புதுமையைப் படைத்தது ஒரு பெயர்ப்பட்டியல்.

இப்பட்டியலின் பயன் உள்ளூரவரோடு நின்றுவிடவில்லை. மக்குவேதா வீதியிற் கடை வைத்திருந்த குடியேறிகள், பெரும்பாலும் வங்காளதேசத்தவர், தம்மிடம் கப்பம் கேட்டோர்மீது முறையிட்டனர். 2016 மே மாதத்தில் பத்துப்பேர் கைதாயினர். வதிவிட அனுமதியை எண்ணி அஞ்சி வாழும் அந்நியர், அடியோபிட்சோவின் துணையோடு, நெடுங்காலம் பலர் வாய்திறக்க அஞ்சிய ஒன்றைச் சொன்னார்கள்.

எனினும் கப்பம் ஒழிவதால் மட்டும் சுற்றுலா நீதியானதாகிவிடாது. 2015இல் அரபு-நோர்மன் கட்டடங்கள் யுனெஸ்கோ பட்டியலிற் சேர்ந்தன. 2018இல் பலெர்மோ இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராயிற்று. பழைய நகரின் வீடுகள் பல பயணிகளுக்கான குறுங்கால அறைகளாக மாறிவருகின்றன. அத்தகைய அறைகளைத் துப்புரவு செய்வோரிலும் உணவகச் சமையற்கட்டுகளில் நிற்போரிலும் குடியேறிகள் பலர். அவர்களுள் நம்மவரும் உளர். பயணியின் வருகையால் அவர்களுடைய வீட்டு வாடகை உயர்ந்து கூலி மட்டும் உயராது நிற்குமாயின், அச்சுற்றுலா எதைப் பேணுகிறது?

கோடை விடுமுறையில் சுவிசிலிருந்தும் பிரான்சிலிருந்தும் உறவினரைக் காணவரும் நம்மவர், சைவர் கத்தோலிக்கர் என்ற பேதமின்றி, பெல்லெகிரினோ மலையில் புனித ரொசாலியாவின் குகைக்கோயிலை வணங்கிச் செல்கின்றனர். அவர்களும் பயணிகளே. மலையிறங்கி உணவருந்தச் செல்கையில் கடைக்கதவில் அடியோபிட்சோ ஒட்டி உண்டா என ஒருகணம் நோக்கலாம். உள்ளே வேலைசெய்யும் நம் பிள்ளைக்கு ஒழுங்கான சம்பளம் கிடைக்கிறதா என்றும் கேட்கலாம்.