சாக்கடைக் குழாய்க்கு வாங்கிய கடன்: ஜெஃபர்சன் கவுன்ட்டி திவாலான கதை

அமெரிக்காவில் மாநிலத்துக்கும் நகராட்சிக்கும் நடுவில் ஒரு நிர்வாக அடுக்கு இருக்கிறது. அதுதான் கவுன்ட்டி. நீதிமன்றம், சிறை, சாலை, சில இடங்களில் மருத்துவமனை, கழிவுநீர் எல்லாம் இதன் பொறுப்பு. நம்ம மாவட்டத்தோடு ஒப்பிடலாம், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: கவுன்ட்டி தன் பெயரிலேயே சந்தையில் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும்.

ஏன் கடன்? ஆண்டுச் செலவும் மூலதனச் செலவும் வேறு வேறு. சம்பளம், டீசல், மின்கட்டணம் எல்லாம் அந்தந்த ஆண்டு வரியிலேயே முடிய வேண்டியவை. ஒரு சுத்திகரிப்பு நிலையம் 40 ஆண்டுகள் உழைக்கும். அதன் விலை முழுவதையும் இந்த ஆண்டு வரி கட்டுபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பயன்படுத்தப் போகிறவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் நீண்டகாலக் கடனின் தர்க்கம். அதனால் பல கவுன்ட்டிகள் அடுத்த 5 அல்லது 6 ஆண்டுகளுக்கு மூலதனத் திட்டம் ஒன்றைத் தயாரித்து, எதை எப்போது கட்டுவது, பணம் எங்கிருந்து வரும் என்று எழுதி வைத்து, ஆண்டுதோறும் திருத்துகின்றன.

பத்திரங்களில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, கவுன்ட்டியின் மொத்த வரி வருவாயும் பொறுப்பேற்கும் பொதுக் கடன். இன்னொன்று, அந்தத் திட்டத்தின் கட்டண வருவாய் மட்டும் பொறுப்பேற்கும் வருவாய்ப் பத்திரம். இரண்டாவதில் வரி கட்டுபவருக்கு ஆபத்து இல்லைன்னு தோணும். அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் நகரம் இருக்கும் ஜெஃபர்சன் கவுன்ட்டி இந்த வழியில்தான் போனது.

ஆரம்பம் நியாயமானது. மழை பெய்தால் சுத்திகரிக்காத சாக்கடை நீர் கஹாபா ஆற்றிலும் மற்ற நீர்நிலைகளிலும் கலந்துகொண்டிருந்தது. வழக்கு நடந்து, 1996இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைப்போடு ஓர் உடன்பாடு. சுற்றியுள்ள 21 நகராட்சிகளின் குழாய்களும் கவுன்ட்டியின் கைக்கு வந்தன. கட்டியே ஆக வேண்டும், தேதியும் குறித்தாகிவிட்டது. இப்படிக் கட்டாயத்தில் கட்டும்போது பேரம் பேச இடம் கம்மி. செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஓடியது. ஒப்பந்தக்காரர்களிடம் லஞ்சம் வாங்கியதாகப் பலர் பின்னால் தண்டிக்கப்பட்டார்கள். கடன் 300 கோடி டாலரைத் தாண்டியது.

இதுவரை நடந்தது பல ஊர்களில் நடப்பதுதான். விவகாரம் அடுத்த கட்டத்தில். 2002–2003இல் நிலையான வட்டிக் கடனில் பெரும்பகுதியை மாறும் வட்டிக் கடனாக மாற்றினார்கள். வட்டி ஏறினால்? அதற்காக வங்கிகளோடு 'ஸ்வாப்' ஒப்பந்தங்கள்: கவுன்ட்டி வங்கிக்கு நிலையான வட்டி தரும், வங்கி கவுன்ட்டிக்குச் சந்தைக் குறியீட்டின்படி மாறும் வட்டி தரும். அந்தப் பணத்தை வைத்துப் பத்திரக்காரர்களுக்கு வட்டி கட்டிவிடலாம். காகிதத்தில் கணக்கு சரியாக வரும்.

இதில் ஒளிந்திருந்த அனுமானம் ஒன்றுதான்: சந்தைக் குறியீடும் கவுன்ட்டியின் சொந்த வட்டியும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். 2008இல் நேர் எதிராக நடந்தது. பத்திரங்களுக்குக் காப்பீடு தந்த நிறுவனங்கள் வீட்டுக்கடன் நெருக்கடியில் மாட்டித் தரம் இழந்தன. கவுன்ட்டி பத்திரங்களை வாங்க ஆளில்லாமல் ஏலங்கள் தோற்றன, வட்டி எகிறியது. அதே சமயம் மத்திய வங்கி வட்டியைக் குறைத்ததால் குறியீடு சரிந்தது, வங்கியிடமிருந்து வரும் பணமும் சுருங்கியது. குடை பிடித்தபடியே நனைந்த கதை.

இந்த ஒப்பந்தங்கள் கைமாறிய விதமும் வெளியே வந்தது. கவுன்ட்டி ஆணையர்களின் நெருங்கிய நண்பர்களுக்கு ஜேபிமார்கன் 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததாகப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. 2009 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் ஜேபிமார்கன் 7.5 கோடி டாலர் தந்தது, 64.7 கோடி டாலர் ஸ்வாப் ரத்துக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தது. கவுன்ட்டி ஆணையத் தலைவராக இருந்த லேரி லாங்ஃபோர்டுக்கு லஞ்ச வழக்கில் 15 ஆண்டு சிறை.

2011இல் இன்னொரு அடி. கவுன்ட்டி வசூலித்த தொழில் வரி செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நவம்பரில் ஏறத்தாழ 420 கோடி டாலர் கடனோடு திவால் மனு. 2013இல் டெட்ராய்ட் முந்தும்வரை அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் இதுதான் பெரிய திவால். ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஏழைகள் நம்பியிருந்த கூப்பர் க்ரீன் மருத்துவமனையில் உள்நோயாளிப் பிரிவு மூடப்பட்டது.

2013 டிசம்பரில் கடன்காரர்கள் பெரிய தொகையை விட்டுக்கொடுக்க, 178 கோடி டாலருக்குப் புதுப் பத்திரம் விற்றுக் கவுன்ட்டி வெளியே வந்தது. ஏற்கெனவே பல மடங்கு ஏறியிருந்த சாக்கடைக் கட்டணம், 2013இன் இந்த ஏற்பாட்டின்படி முதல் 4 ஆண்டுகள் ஆண்டுக்கு 7.41 சதவீதமும் பிறகு 3.49 சதவீதமும் ஏற வேண்டியிருந்தது. தவணைகளும் பின்னால் போகப் போகக் கூடும்படி 40 ஆண்டுகளுக்குப் போடப்பட்டன. 1990களின் குழாய்களுக்கு 2053வரை கடன். குழாய் பழுதாகி மாற்றிய பிறகும் பழைய குழாய்க்கான தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

"கட்டண வருவாய் மட்டும்தான் பொறுப்பு" என்று சட்டம் சொன்னது. ஆனால் கட்டணம் கட்டுபவரும் வரி கட்டுபவரும் ஒரே ஊர்க்காரர்கள்தானே. பத்திரம் எந்த வகையானாலும் கடைசியில் பணம் போவது அதே பர்ஸிலிருந்துதான்.

எந்த ஊர் மூலதனத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் நான் இப்போது மூன்று விஷயங்களை முதலில் பார்க்கிறேன். கடனின் ஆயுள் கட்டும் பொருளின் ஆயுளைவிட நீளமா? வட்டி மாறினால் யார் தாங்குவது? இந்த ஏற்பாட்டை எழுதியவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது? ஜெஃபர்சன் கவுன்ட்டியில் மூன்றாவது கேள்வியை 2002லேயே யாராவது விடாப்பிடியாகக் கேட்டிருந்தால், முதல் இரண்டுக்கும் பதில் வேறு மாதிரி வந்திருக்கும்.