சொத்தையைக் காட்டும் வெள்ளி

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள பல் கிளினிக்கில், வாய்க்குள் வைத்து மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லும் அந்தச் சிறிய எக்ஸ்ரே உறைக்குள் என்னதான் இருக்கிறது?

கறுப்புத் தாளில் பொதிந்த அந்த பிலிம், ஒளிபுகும் பாலியஸ்டர் தகடொன்றின் இருபுறமும் ஜெலட்டின் என்னும் கூழ் பூசப்பட்டது. அக்கூழுக்குள் வெள்ளி புரோமைடு, அதாவது வெள்ளியும் புரோமினும் சேர்ந்த உப்பு, நுண்ணிய படிகங்களாகப் பரவியிருக்கிறது. சொத்தையால் சுண்ணாம்புச் சத்தை இழந்த பல் கதிரை எளிதில் ஊடுருவ விடுவதால், அதற்கு நேரே உள்ள படிகங்கள் பிலிமைக் கழுவும்போது கறுத்த வெள்ளித் துகள்களாக மாறுகின்றன. உறுதியான எனாமல் கதிரைத் தடுத்துவிடுவதால் அவ்விடம் வெளுத்தே நிற்கிறது. ஆகவே, சொத்தை எனப் படத்தில் கறுப்பாகத் தெரிவது உண்மையில் வெள்ளிதான் என்பது வியப்புக்குரியது.

பிலிமுக்குப் பின்னே மெல்லிய ஈயத்தகடு ஒன்றும் உண்டு. பின்புறத் தசைகளில் பட்டுச் சிதறித் திரும்பும் கதிர்கள் படத்தை மங்கச் செய்யாமல் அது காக்கிறது. உறையைத் தவறுதலாகத் திருப்பி வைத்துவிட்டால், அத்தகட்டில் பொறித்த கோலம் படத்திலேயே பதிந்து பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டிஜிட்டல் கருவிகள் பரவிவரும் இந்நாளிலும், பிலிம் கழுவிய கரைசலைத் தொட்டியில் கொட்டிவிட முடியாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் அதனை அட்டவணையிடப்பட்ட கழிவாக வகுத்துள்ளதால், அது தனியே சேகரித்து ஒப்படைக்கப்பட வேண்டும்.