முதல் கரையாத கொடை

உயர்தரப் பரீட்சை எழுதிய மகன் குருமடம் செல்ல விரும்பினான். மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றில் உள்ள அவனுடைய வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். தாய் அழவுமில்லை, தடுக்கவுமில்லை. "படிப்பை மறைமாவட்டம் பார்க்கும், சுவாமி. இனி இவரோட கடலுக்கு ஆர் போறது?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் பதில் இருக்கவில்லை.

மெய்யியலுக்கும் இறையியலுக்கும் குறைந்தது 6 ஆண்டுகள் என்பது திருச்சபைச் சட்டம். அத்தனை ஆண்டுகளும் ஒரு மாணவனின் உணவு, உடை, நூல், மருந்து, பயணம் ஆகியவற்றை யாராவது தாங்க வேண்டும். வீட்டில் உழைக்கும் கையொன்று குறைவதோ எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இச்சுமையை ஒரு குடும்பம் தாங்க முன்வந்த வரலாறு உண்டு. 1889இல், பணமின்மையால் குருமாணவர்களை ஏற்க முடியவில்லையே என யப்பானின் நாகசாகி ஆயர் பிரான்சுக்கு எழுதினார். கான் நகரில் வாழ்ந்த கைம்பெண் ஸ்தெபானி பிகார்டும் மகள் ஜானும் அதைப் படித்துத் தம் உடைமையைக் கொடுத்தனர், பிறரிடமும் திரட்டினர். அக்கொடையே புனித பேதுரு திருத்தூதர் சபையாக வளர்ந்து, 1922இல் பாப்பிறைச் சபையாயிற்று. மறைபரப்பு நாடுகளின் குருமடங்களுக்கு அது இன்றும் உதவுகிறது. நமக்கு எதிர்க்கரையில், தரங்கம்பாடியில், லூத்தரன் சகோதரர்களின் பணியும் ஐரோப்பிய விசுவாசிகளின் காணிக்கையால் வளர்ந்ததே. அங்கு 1733இல் தமிழரான ஆரோன் போதகராக அபிஷேகம் பெற்றார்.

பிறர் கொடுத்தார்கள், நாம் பெற்றோம். இனி நாமும் கொடுக்கலாமே!

வழி எளியது. முதலை வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, வட்டியை மட்டும் செலவிடுவது. ஆனால், 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டதை மறவோம். வைப்பிலிருந்த தொகை குறையவில்லை. அதன் பெறுமதி கரைந்தது. எனவே வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்க வேண்டும். கணக்கைப் பங்குமக்கள் முன் வைக்க வேண்டும்.

மற்றொன்றும் முக்கியம். இது தன் அழைத்தல் அல்ல என உணர்ந்து மாணவன் வீடு திரும்பினால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாகாது. கொடை கடனாக மாறினால் அவனுடைய சுதந்திரம் போய்விடும்.

இறந்தோரின் 31ஆம் நாளுக்குப் பந்தலும் பந்தியுமாகச் செலவிடுகிறோம். அதில் ஒரு பங்கை ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, இறந்தவர் பெயரால் இவ்வாறு வைப்பிலிடட்டும். அந்தத் தாயின் கேள்வி அப்போதும் முழுதாகத் தீராது. ஆயினும், விடுமுறைக்கு வரும் மகனின் பஸ் காசுக்காவது அவர் கடன்பட வேண்டியிராது.