புது வீட்டில் காற்று நுழையும் வழிகள்

"வீடு முடிஞ்சுது பிள்ளை. ஆனால் வாடைக்காத்து தொடங்கினால் சாமி விளக்கு நிக்குதில்லை" என்றார் அந்த அம்மா. கொட்டியாரக்குடாவின் தென்கரையில் ஒரு கிராமம். பல வருட முகாம் வாழ்க்கைக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த கல்வீடு அது. யன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையில் எனது சுண்டுவிரல் நுழைந்தது. சுவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவே வானம் தெரிந்தது.

"மேசனிட்டச் சொல்லேல்லையா அம்மா?"

"ஆம்பிளை இல்லாத வீடு. நான் சொன்னால் ஆர் கேக்கிறது?"

சகோதரிகளே, போருக்குப் பின்னர் எமது பகுதியில் பல வீடுகள் உரிமையாளரே கட்டுவிக்கும் முறையில் எழுந்தவை. 2012 முதல் நடைபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. இத்தகைய முறையில் மேசனுக்கு வேலை கொடுப்பவர் நீங்கள்தான். கடைசிக் கூலியைக் கொடுக்கும் முன்னர் வீட்டைச் சோதித்துப் பார்ப்பது உங்கள் உரிமை.

கனடாவில் வாசலில் பெரிய மின்விசிறியைப் பூட்டி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுத்து, எந்த வெடிப்பால் வெளிக்காற்று நுழைகிறது என்று பார்ப்பார்கள். அங்கே குளிரும் சூடாக்கும் செலவும்தான் கவலை. நமக்கோ மழையும் புயலும். ஆகவே ஒரு ஊதுபத்தி போதும். காற்று வீசும் நாளில் கதவு, யன்னல்களைச் சாத்திவிட்டு, நிலைகளின் ஓரமாக அதை மெதுவாக நகர்த்துங்கள். புகை சாய்ந்து ஓடும் இடத்தில் கரியால் அடையாளமிடுங்கள். இரவில் பிள்ளையொன்று வெளியே ரோச் லைற் அடிக்க, இருட்டறைக்குள் நின்று பார்த்தாலும் வெடிப்புகள் தெரியும்.

சுவருக்கும் கூரைக்கும் இடையிலான வெளியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதனூடாக நுழையும் புயற்காற்று கூரையைக் கீழிருந்து தூக்குகிறது, மேலால் ஓடும் காற்றும் அதை இழுக்கிறது. 2020 டிசெம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கடலைப் பார்த்த வடகிழக்குப் பக்கத்தைச் செங்கல்லும் சாந்தும் வைத்து அடையுங்கள். மற்றப் பக்கங்களில் கம்பிவலை போதும், வெக்கை வெளியேற வேண்டுமே! அடைத்துவிட்டோம் என்று கைமரங்களைச் சுவரோடு இறுக்கிக் கட்டாமல் விடவும் கூடாது.

நிலைகளின் கதை வேறு. ஈரம் காயாத மரத்தில் செய்த நிலை கச்சான் காற்றில் காய்ந்து சுருங்கும். அதன்மேல் பூசிய சீமெந்து உடனே பிரிந்துவிடும். எனவே ஒரு கச்சான் காலம் கழிந்தபின் மறுபடி ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள். அப்போது மெல்லிய மரச்சட்டம் அடித்து, ஓரத்துக்குச் சிலிக்கன் பசை இடலாம்.

விறகடுப்பு உள்ள குசினியின் புகைவழியை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள். மழைக்காக எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் கரிச்சட்டியை உள்ளே வைத்தால், மணமற்ற நச்சுவாயு உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

அந்த அம்மாவும் நானும் சேர்ந்து பதினொரு இடங்களில் கரிக்கோடு இட்டோம். கூலியின் மிச்சம் அவரது சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. மேசன் வந்து கோடுகளைப் பார்த்தார். "ஆர் அக்கா கீறினது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் அம்மா.

அவர் சாந்து குழைக்கத் தண்ணீர் கேட்டார்.