ஆடாதோடைச் சாறும் ஏகார்க் கிண்ணமும்

வன்னியில் வேலியோரம் நிற்கிற ஆடாதோடையை ஆடு மாடு மேயாது, அவ்வளவு கசப்பு. சளி, இருமல் என்றால் அதே இலையைத்தான் பறித்து அவித்துக் குடிக்கிறோம். இலையிலுள்ள முக்கிய அல்கலோயிட் வாசிசின். 1888இல் டேவிட் ஹூப்பர் என்ற இரசாயனவியலாளர் அதைப் பற்றி எழுதினார்.

இந்த இலை பற்றீரியாவை அடக்குமா என்று சோதிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடம் தாராளமாகப் போதும். நிழலில் உலர்த்திய இலையைத் தூளாக்கி, ஒரு பங்கைத் தண்ணீரிலும் மறு பங்கை எதனோலிலும் ஊறவிட்டு, வடித்து, கரைப்பானை ஆவியாக்கினால் பசை போன்ற சாறு மிஞ்சும். அதை அளந்து கரைத்து, ஏகார் என்ற கூழ் ஊற்றிப் பற்றீரியா பூசிய கிண்ணத்தில் வெட்டிய சிறு குழிகளுக்குள் விட வேண்டும். 37 பாகை செல்சியசில் ஓர் இரவு வைத்தால் ஏகார் முழுதும் பற்றீரியா மங்கலான படலமாகப் படர்ந்துவிடும். சாறு வேலை செய்த குழியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீற்றரில் அளப்பார்கள். வெறும் கரைப்பான் விட்ட குழியும் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அதைச் சுற்றியும் வளையம் வந்தால் பற்றீரியாவைத் தடுத்தது இலையா, எதனோலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

வளையம் பெரிதென்றால் மருந்து வலுவானது என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது அவசர முடிவு. எண்ணெய்த் தன்மையான சேர்வைகள் ஏகாருக்குள் மெதுவாகத்தான் பரவும், வலுவிருந்தும் அவற்றின் வளையம் சிறுத்துப்போகும். எத்தனை குறைந்த செறிவில் பற்றீரியாவின் வளர்ச்சி நிற்கிறது என்ற எண்ணைத்தான் நான் முதலில் தேடுவேன்.

எந்தப் பற்றீரியா என்பதும் முக்கியம். புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் பொதுவாக இலைச்சாறுகளுக்கு இலகுவில் மடங்கும். ஈ. கோலைக்குக் கலச்சுவருக்கு வெளியே இன்னொரு மென்சவ்வு உண்டு. பல சேர்வைகள் அதைக் கடப்பதில்லை.

வாசிசினின் கட்டமைப்பைப் பின்பற்றி உருவான புரோம்ஹெக்சின் இன்று சளியை இளக்கும் மருந்தாக மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதுவும் அதன் வழிவந்த அம்புரொக்சோலும் காசநோய்ப் பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வுகூடத்தில் காணப்பட்டிருக்கிறது. ஆனால் கிண்ணத்தில் போடும் செறிவு நோயாளியின் உடம்பில் எட்டுமா, அந்த அளவில் உடம்புக்குக் கேடு வருமா என்பவை தனிச் சோதனைகள். வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பும் உண்டு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கு ஆடாதோடை அவித்துக் கொடுக்க வேண்டாம்.